மருந்து வேலை

"மேல்வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள். கவுன் கிழிந்துவிட்டது. போய் வருத்தம் சொல்லியாயிற்று."

ஒரு தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அப்பா எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான். முன்பக்கத்தில் மார்கழி மாதம், சனிக்கிழமை, ராகு காலம் ஒன்பது முதல் பத்தரை என்பதெல்லாம் தெளிவாக இருக்கின்றன. ஆண்டு இருந்த மூலை மட்டும் கிழிக்கும்போதே அட்டையோடு தங்கிவிட்டது. தேதியைச் சரிபார்க்காமல் எதையும் எழுதப் பிடிக்காதவள் நான். நான் அப்போது நான்காம் வகுப்பு என்பதை வைத்து ஆண்டைக் கண்டுபிடித்துக்கொண்டேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகம் வேறொன்றில் இருக்கிறது.

அப்பா சிவகாசியில் ஆப்செட் மெஷின் ஓட்டியவர். கனடாவில் வின்னிபெக் நகரத்தில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து எங்களை அழைத்துப் போனார். பெட்டியில் அவர் கவனமாக அடுக்கியவற்றில் அவரே அச்சடித்த காலண்டரும் ஒன்று. இங்கே ராகு காலம் பதினொன்றரை மணி நேரம் தாமதமாகத்தான் வரும் என்று சொல்லிக்கொண்டே குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் அதை மாட்டினார்.

சென்னைக் குடும்பம் ஒன்றின் வீட்டில், தரைக்குக் கீழே இருந்த பகுதியில் வாடகைக்கு இருந்தோம். மேலே இருந்த ஆன்ட்டிக்கு என் வயதில் ஒரு மகள். குளிர்காலம் முடியும்வரை இருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று ஆன்ட்டி சொல்லியிருந்தார். அந்த 'அப்புறம்' எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் தீர்மானித்தது. மாடிப்படியில் சத்தமாக நடக்கக் கூடாது. கருவாடு பொரிக்கக் கூடாது. நான் மேல்வீட்டுப் பெண்ணோடு சண்டை போடக் கூடாது.

அம்மாவின் ஊர் சாத்தூருக்குப் பக்கத்தில். கல்யாணத்துக்கு முன்பிருந்து, விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம்வரை, பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறையில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்துதான். காய்ச்சலுக்குச் சாப்பிடுவது மாத்திரை. சென்னையில் அப்படி இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியாது.

ஊரில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஆன்ட்டி முதல் நாளே கேட்டார்.

"மருந்து வேலதாங்க பாத்தேன். மருந்து சலிக்கிறது, கலக்குறது, அளந்து போடுறது."

"அப்படியா? இங்க அதுக்கு நல்ல டிமாண்ட் இருக்குங்க. ஏதாவது பரீட்சை எழுதணுமான்னு விசாரிக்கிறேன்."

வெடி செய்ய இந்த ஊரில் பரீட்சை உண்டா என்று அம்மா ஆச்சரியப்பட்டார். ராத்திரி இதைக் கேட்டு அப்பா சிரித்தார். சிரித்து முடித்ததும் சற்று யோசித்துவிட்டு, அவுக எப்படி நெனச்சாலும் நெனச்சுட்டுப் போகட்டும், குளிர் முடியட்டும் என்றார். பிறகு ஒரு நாள் ஆன்ட்டி இருமல் பாட்டில் ஒன்றோடு இறங்கி வந்து, இதை மகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். தாய்க்குத் தாய் யோசனை கேட்பதாக எண்ணிய அம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கொடுங்கள், வெந்நீரும் கொடுங்கள் என்றார். மேல்வீட்டுப் பெண் என்னைத் தன் தோழிகளுக்கு மருந்துக்கடை அம்மாவின் மகளாக அறிமுகப்படுத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மாவைப் பற்றி எனக்குப் பெருமை வந்தது.

குளிர் ஏற ஏற அந்த ஊரின் காற்று உலர்ந்துபோனது. கம்பளத்தில் நடந்து போய்க் கதவின் கைப்பிடியைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று பொறி தட்டும். எங்களுக்கு அது விளையாட்டு. அம்மாவுக்கு முதல் தடவை தட்டியபோது, கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெகுநேரம் சுவரோரம் நின்றார்.

மறுநாள் வீட்டுக்கு ஒரு சட்டம் வந்தது. வெளியிலிருந்து வருகிறவர்கள் முதலில் வாசலை ஒட்டிய செம்புத் தண்ணீர்க் குழாயைத் தொட வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்த தகட்டைத் தொடுவார்கள். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அதன் வழியாக இறங்கிவிடும். செருப்பும் ஆகாது, நைலானும் ஆகாது, பருத்தி மட்டும்தான். அந்த விதிகள் அத்தனையும் எங்களோடு கனடாவுக்கு வந்துவிட்டன.

"இங்கன என்ன மருந்தா கெடக்கு?" என்பார் அப்பா.

"தொட்டா கையா தேஞ்சு போகும்? தொட்டுட்டுத்தான் வாங்களேன்."

மேல்வீட்டுப் பெண் விளையாட வந்தபோது அவளையும் தொட வைத்தார். சாமி கும்பிடுவது மாதிரி ஏதோ ஒன்று என்று அவளிடம் சொல்லிச் சமாளித்தேன். அவள் பயபக்தியோடு குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல் இருந்தது.

மார்கழியில் அவளுக்குப் பிறந்தநாள் வந்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரி உடுத்த வேண்டும் என்று ஆன்ட்டி எனக்கும் ஒரு கவுன் வாங்கிக் கொடுத்தார். ரோஜா நிறம், வலைத்துணி, அடுக்கடுக்காக நைலான். அப்படி ஒன்று அதுவரை என் உடம்பில் பட்டதில்லை. அம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார்.

"அவுக ஆசையாக் குடுத்தத வேண்டாம்னு சொல்ல முடியுமா? ஒரு நாள்தான, போடட்டும்," என்றார் அப்பா.

அம்மா கவுனை எனக்குப் போட்டுவிட்டார். ஆனால் மேலே போனதும், வந்திருந்த அத்தனை பேர் முன்னிலும் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் அடுப்படிக் குழாயைத் தொட வைத்தார். பிறகு சமையலறையில் வடை சுட நின்றுகொண்டார். கண் மட்டும் என் மேலேயே இருந்தது.

என் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். கம்பளத்தில் ஓடி ஆடியதில் கவுன் காலோடு ஒட்டிக்கொண்டு சடசடவென்றது. தலைமுடி எழும்பி நிற்பதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். கேக்கின் நடுவில் மெழுகுவத்திக்குப் பதிலாகக் குட்டிக் குழல் ஒன்றைச் செருகி, எங்களை நெருங்கி நிற்கச் சொல்லி, ஆன்ட்டி அதைப் பற்ற வைத்தார். புஸ்வாணம் போல வெள்ளைப் பொறி சீறிக்கொண்டு எழுந்தது.

அம்மா வந்ததை நான் பார்க்கவில்லை. கழுத்தில் ஒரு கை விழுந்தது. ஒரே இழுப்பில் கவுன் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. மேசையில் இருந்த தண்ணீர்க் கூஜா என் தலையில் கவிழ்ந்தது.

"பாப்பா, ஓடு. வெளிய ஓடு பாப்பா."

வாசலை நோக்கி என்னைத் தள்ளிவிட்டு, தன் உடம்பால் கேக்கை மறைத்துக்கொண்டு நின்றார். உள்பாடியோடு, சொட்டச் சொட்ட நனைந்து, வகுப்புப் பிள்ளைகளுக்கு எதிரே நான் நின்றேன். குழல் தானாகவே அணைந்தது. முதலில் யாரோ ஒரு பையன் சிரித்தான்.

ஆன்ட்டி ஒரு துண்டை எடுத்து என்மேல் போர்த்தினார். என்ன ஆயிற்று உங்களுக்கு என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"மருந்துக்குப் பக்கத்துல நைலான் ஆகாதுங்க."

"எந்த மருந்துக்கு?"

"வெடிமருந்துக்குத்தாங்க."

ஆன்ட்டியின் முகத்தில் அந்த இருமல் பாட்டில் வந்து போனதை நான் பார்த்தேன். அவர் அம்மாவை விட்டுவிட்டு, வாசலோரம் நின்றிருந்த அப்பாவிடம் திரும்பினார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார். அப்பா தலை குனிந்தார்.

"மொத நாளே சொன்னேனேங்க," என்றார் அம்மா.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

கீழே வந்ததும், இனிமேல் என் பள்ளிக்கூடத்துப் பக்கமே வராதே, ஊருக்கே போய்விடு என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் ஈரத்துண்டை வாங்கிக் கொடியில் போட்டார். போகும் வழியில் குழாயைத் தொட்டார்.

பள்ளிக்கூடத்தில் கவுனைக்கூடச் சீக்கிரம் மறந்தார்கள். 'பாப்பா'வைத்தான் மறக்கவில்லை. அந்த ஊர்ப் பேச்சில் அது அப்பாவைக் குறிக்கும் சொல். உன் அம்மா உன்னை அப்பா என்றா கூப்பிடுவார் என்று கேட்டுக் கேட்டு, அதையே எனக்குப் பெயராக்கிவிட்டார்கள். அம்மா என்னை எப்போதும் 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு என்று பார்த்துக் கைக்குழந்தையைக் கூப்பிடுவது போல் கூப்பிட்டுவிட்டாரே என்று எனக்கு அடங்காத ஆத்திரம். பனி உருகத் தொடங்கியபோது ஆன்ட்டி, சென்னையிலிருந்து உறவினர்கள் வருவதாகத் தணிவாகச் சொன்னார். நாங்கள் வேறு வீடு பார்த்தோம். எந்த உறவினரும் வந்ததாகத் தெரியவில்லை.

கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு விடுமுறைக்கு அம்மாவின் ஊருக்குத் தனியாகப் போனேன். மாமா வீட்டுச் சுவரில் சித்தியின் படம் இருந்தது. எங்கள் வீட்டிலும் அதே படம் உண்டு. நான் பிறப்பதற்கு முன்பே மஞ்சள் காமாலையில் போய்விட்ட அம்மாவின் தங்கை என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அத்தைக்கு நான் வாங்கிப் போன சேலையை அவர் தடவிப் பார்த்தார்.

"வழவழன்னு இருக்கே. ஒங்க அம்மா இதக் கையால தொட மாட்டாளே. பாப்பா போனதுல இருந்து அப்படித்தான்."

"எந்தப் பாப்பா?"

"ஒங்க சித்திதாம்ளா. எங்க எல்லாருக்கும் அவ பாப்பாதான."

ஆடிக் கடைசி வெள்ளி. வேலை முடிந்ததும் அப்படியே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போவதற்காகச் சித்தி நைலக்ஸ் என்ற நைலான் சேலை கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போயிருக்கிறார். தீபாவளிச் சீசன் நேரம். யாரும் திருப்பி அனுப்பவில்லை. அம்மா அடுத்த அறையில் இருந்தார். தீப்பிடித்த தங்கையிடம் முதலில் ஓடியவர் அவர்தான். சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டதால் உருவ முடியவில்லையாம். அதற்குப் பிறகும் அதே கம்பெனிக்குத்தான் பல வருடங்கள் வேலைக்குப் போனார்.

அந்த ஆடி வெள்ளி எந்தத் தேதி என்பதைப் பழைய பஞ்சாங்கத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டேன். நெருப்புக்குக் காரணம் சேலைதானா, மருந்தில் விழுந்த உராய்வா என்பதில் ஊரில் இரண்டு பேச்சு இருக்கிறது. அந்தச் சேலையைப் பற்றியும் இரண்டு பேச்சு. சித்தி சாத்தூரில் தானே எடுத்தது என்கிறார் மாமா. அம்மாவுடையது, அன்று காலையில் அம்மாதான் கட்டிவிட்டார் என்கிறார் அத்தை. எது சரி என்று நான் உறுதி செய்யவில்லை. சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருக்கிறார். இன்றும் வெளியே போய்விட்டு வந்தால் குழாயைத் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறார். அவரிடம் கேட்கவில்லை.