அக்காவின் கறுப்புப் பெட்டி

அக்கா மறைந்த சில நாட்களில், அவருடைய வாழ்நாள் உழைப்பை நான் ஒரே இழுப்பில் அழித்துவிட்டதாக நம்பினேன். உரக்கடை வைத்திருக்கும் எனக்கு அவ்வளவு சக்தி ஏது என்று நான் யோசிக்கவே இல்லை.

அக்கா கச்சிராயபாளையத்தில் கரும்பு விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா காலமான பிறகு டியூஷன் எடுத்தே கணினிப் பொறியியல் முடித்தார். என்னையும் படிக்க வைக்கப் பார்த்தார். அதில் மட்டும் தோற்றார். சென்னையில் கிடைத்த நல்ல வேலையை விட்டு, கல்வராயன் மலைப் பாட்டுகளைப் பதிவுசெய்து இணையத்தில் சேர்க்க ஊர் திரும்பினார். "கம்ப்யூட்டர் படிச்சிட்டு மலையில பாட்டு கேட்டுக்கினு திரியுதே" என்றார்கள் உறவினர்கள். அக்கா சிரித்துக்கொண்டே அவர்கள் வீட்டு நலுங்குப் பாட்டையும் பதிவுசெய்துகொண்டார்.

பாடியவர் பெயர் இல்லாமல் ஒரு பாட்டையும் ஏற்றமாட்டார். நோய் முற்றிய பிறகும், ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டுப் படுக்கையிலிருந்தே மலைக்குப் போன் போடுவார்.

கருமாதிக்கு வீடு கழுவியபோது, அவர் அறையில் விளக்கு மின்னிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். மறுநாள் போனில் அக்காவின் இணையதளத்தைத் திறந்து பார்த்தால் தாலாட்டு பாடுகிறது, நலுங்கு பாடுகிறது. அக்காவுக்கு உயிரான விதைப்புப் பாட்டு மட்டும் ஊமை. அதைப் பாடிய மலைவாசி பொன்னியம்மாள் காலில் விழுந்து மறுபடி பாடச் சொல்லலாம் என்று, பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு மலை பஸ் ஏறினேன்.

"இன்னாங்க அது, கோழியா?" என்றார் கண்டக்டர்.

"எங்க அக்காவோட உழைப்புங்க" என்றேன். அவர் தள்ளிப் போய்விட்டார்.

நடந்ததைச் சொன்னதும் பொன்னியம்மாள் துண்டைப் பிரித்துப் பார்த்தார். "இது நெட்டு வர்ற பொட்டி தம்பி. இதுலயா பாட்டு இருக்குது? சித்திரையில எவனாவது வெதப்பானா? மாசம் தப்பி அந்தப் பாட்ட பாடக்கூடாதுன்னு நாங்கதான் சொன்னோம். அதுக்குன்னே உங்க அக்கா பூட்டு போட்டு வெச்சாங்க. ஆடி பொறந்தா தானா தொறக்கும், போ."

பூட்டியவரே போய்விட்டாரே, இனி எப்படித் திறக்கும் என்ற பயத்தோடுதான் மலை இறங்கினேன்.

அக்காவைக் கண்போலப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கருமாதிக்கு மலையிலிருந்து இறங்கி வந்த பெண்களுக்கும், அவர் பணியை விடாமல் தொடரும் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அந்தப் பெட்டிக்கு லக்கேஜ் போடாத கண்டக்டருக்கும்தான்.

ஆடி முதல் நாள் காலை போனை எடுத்துப் பார்த்தேன். விதைப்புப் பாட்டு பாடியது.