அப்பாவின் முதுகுப் படம்

மருத்துவக் கல்லூரியில் முதுகுத்தண்டு ஸ்கேன் பார்க்கச் சொல்லித்தந்த மேடம் முதலில் சொன்னது இதுதான்: டி-டூ என்னும் எம்.ஆர்.ஐ. படத்தில் தண்ணீர் வெள்ளையாகத் தெரியும். தண்டுவடத்தையும் நரம்புகளையும் சுற்றியிருக்கும் நீர் மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளைக் கோடாக இறங்க வேண்டும். கோடு எங்கே அறுகிறதோ அங்கே ஏதோ நரம்பை நசுக்குகிறது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அரைகுறைப் படிப்பு எவ்வளவு பயம் காட்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் கோடையில் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த அப்பா, காலூன்ற முடியாமல் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். தூக்கி ஆட்டோவில் போட்டுப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள்.

உடம்பில் இரும்பு, செயின், மோதிரம் ஏதாவது இருக்கிறதா என்று டெக்னீஷியன் கேட்டார். "எதுவும் இல்லைங்க" என்றாள் அம்மா. நானும் நம்பினேன்.

மருத்துவ மாணவி என்று சொல்லி கம்ப்யூட்டர் அறையில் நின்றுகொண்டேன். அம்மாவும் கூடவே நுழைந்துவிட்டாள். படம் வந்தது. இடுப்புக்கு நேராக எலும்பும் இல்லை, நரம்பும் இல்லை. கரியை அள்ளி அப்பியதுபோல ஒரே கறுப்பு. படித்த நோயெல்லாம் நினைவுக்கு வந்து, எல்லாமே புற்றுநோயில் போய் நின்றன. அம்மாவோ படத்தை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வேறு எரிச்சல்.

"இடுப்புல என்னமோ இரும்பு இருக்குது. ஏம்மா, உயிரோட விளையாடுறீங்களா?" என்று டெக்னீஷியன் மெஷினை நிறுத்தினார்.

அப்பாவை வெளியே இழுத்து அங்கியை விலக்கினால் அரைஞாண் கயிறு. சுருட்டி முதுகுப்பக்கம் ஒளித்திருந்தாள் அம்மா. அதில் அப்பா கால்முள் எடுக்க மாட்டியிருக்கும் ஊக்கு.

"செத்தாதான்டி அர்ணாக்கயிறு அறுப்பாங்க. நான் எப்பிடி அறுக்க வுடுவேன்? ஊக்கு ஞாபகமே இல்ல."

"உள்ள போனதும் புடிச்சி இழுத்துச்சி. அசையக்கூடாதுன்னாங்களே, கம்முனு கெடந்தேன்" என்றார் அப்பா. இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஊக்கைக் கழற்றினால் போதும், கயிறு இருக்கட்டும் என்றார் டெக்னீஷியன். அம்மா முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மறுபடி எடுத்த படத்தில் கறுப்பு இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு நொடிதான். கறுப்பு மறைத்திருந்த இடத்தில் வெள்ளைக் கோடு அறுந்து கிடந்தது. விலகிய ஜவ்வு நரம்புகளை மொத்தமாக நசுக்கிக்கொண்டிருந்தது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் அப்பா இனி நடக்க மாட்டார். யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்துவிட்டது.

"கருப்பு போயிடுச்சி இல்ல? அப்பாகிட்ட போய்ச் சொல்லு" என்று அம்மா சிரித்தாள்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த அப்பா என்னைப் பார்த்ததும் போர்வையை விலக்கிக் காலைக் காட்டினார்.

"இப்ப பரவால்லம்மா. கட்டவிரல ஆட்டிக்கினேதான் இருக்கேன், பாரு."

பார்த்தேன். விரல் அசையவில்லை.