ஆள்காட்டி கத்திய பக்கம்

கதை என்று நினைத்துப் படித்தாலும் பாதகமில்லை. லூர்துசெல்வி இன்றும் ஏற்காட்டில்தான் இருக்கிறாள். கேட்டால் சொல்வாள். பொழுது சாய்ந்த பிறகு மட்டும் கேட்காதீர்கள்.

1984, மே மாதம். கோடை விழாவுக்காக ஏரிக்கரையில் லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரையில், வெறும் சரளைமேல், ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. ஒரு காலத்தில் கரை நெடுக ஆள்காட்டிகள். கடைகளும் வண்டிகளும் வந்த பின் மிஞ்சியது இந்த ஒரு ஜோடிதான். முட்டையும் கல்லும் ஒரே நிறம். லாரிக்காரர் கண்ணில் படவே படாது.

பள்ளிக்கூட டீச்சரான செல்விக்கு மனசு கேட்கவில்லை. சுண்ணாம்பு அடித்த கற்களை முட்டைகளைச் சுற்றி வட்டமாக வைத்தாள்.

மறுநாள் அந்த வட்டம் பத்தடி தள்ளி, வெறும் தரையைச் சுற்றி இருந்தது.

திரும்ப எடுத்து வைத்தாள். அடுத்த நாளும் அப்படியே. அதே வெறும் தரை.

"யாரோ வேணும்னே பண்றாங்க," என்றாள் கணவனிடம். ஜேசுதாஸ் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். புதுக் கல்யாணம்.

"எனக்கொரு காப்பி வெக்க நேரமில்ல. குருவிக்கு ஊடு கட்டப் போயிடற."

"குருவி கொறை சொல்றதில்லீங்க."

விடிந்தால் அந்தப் பக்கம் மண் விழும். அன்று சாயங்காலம் வட்டத்தைச் சரிசெய்துவிட்டு, குடையோடு பாறைமேல் உட்கார்ந்தாள். ஆளைப் பார்த்துவிட வேண்டும்.

ஐந்தே முக்காலுக்குப் பனிமூட்டம் இறங்கியது.

ஆள்காட்டி முட்டைமேல் அமைதியாக இருந்தது. செல்வி பழகிய ஆள். வேற்றாள் வந்தால்தான் அது கத்தும்.

கத்தியது.

செல்வியைப் பார்த்து இல்லை. எதிர்ப்பக்கம் பார்த்து...

சரளையில் காலடி. சரக்... சரக்...

"யாருங்க?"

குருவி எழும்பி, ஓர் ஆளின் தலைக்கு மேல் சுற்றுவது போலச் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

அங்கே ஆள் இல்லை.

வெள்ளைக் கல் ஒன்று தரையை விட்டு எழும்பியது. இடுப்பளவு... மெதுவாக நகர்ந்து...

டக்.

வெறும் தரையில் இறங்கியது.

அடுத்த கல் எழும்பியது.

குடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

காலையில் ஜேசுதாஸின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். வெறும் தரைமேல் மண் குவிந்திருந்தது. நான்கு முட்டைகளும் பத்திரம்.

லாரி டிரைவர் சின்னையன் ஓடி வந்தான். "சுண்ணாம்புக் கல்லு வட்டம் இருந்துச்சுங்க டீச்சர். மண்ணு கொட்டற எடத்துக்கு நாங்க அப்படித்தாங்க அடையாளம் வெப்போம்."

செல்வி முட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வைத்த இடத்திலேயே கற்கள் இருந்திருந்தால்...

"மூட்டத்துல ஒருத்தர் வட்டத்துக்குள்ள நின்னு, வரலாம் வரலாம்னு கை காட்டினாருங்க. ஒதுங்கிக்குவாருன்னு கொட்டிட்டேன். அப்புறம் ஆளக் காணோமுங்க."

தோண்டினார்கள். கற்கள்தான் கிடைத்தன.

மண் சுமக்க வந்த காமாட்சி கூடையைக் கீழே வைத்தாள். "பச்சை முண்டாசா?"

சின்னையன் தலையாட்டினான்.

"எங்க ஊட்டுக்காரருங்க. மாதப்பன். போன வருசம், இதே எடம், இதே மூட்டம். அப்பவும் முட்டை இருந்துச்சு. லாரி பின்னால வர்றப்ப மறிச்சு நின்னாரு. தெரியாம மேலயே கொட்டிட்டாங்க."

அந்த மாதக் கடைசியில் குஞ்சு பொரித்தது. அதுவரை செல்வி பகலில் மட்டும்தான் கரைக்குப் போனாள். ஒரே ஒரு நாள் மூட்டம் முந்திக்கொண்டது.

சரக்... சரக்...

காலடி முட்டைகளின் பக்கத்தில் வந்து நின்றது.

குருவி கத்தவில்லை. பழகிவிட்டிருந்தது.