நாற்பதாயிரம் கார்களும் ஒரு கையெழுத்தும்

மார்ச் 12, வியாழக்கிழமை. விடியலில் தொடங்கிய தூறல், பெய்வதா நிற்பதா என்று முடிவெடுக்காமல் பகல் முழுவதும் இழுத்தடித்தது. அன்று மாலை நான்கு மணிக்கு, சாலைகளில் ஓடிக்கொண்டிருந்த நாற்பதாயிரம் கார்களுக்குப் புதிய மென்பொருள் இணையவழியே போய்ச் சேர வேண்டும். எந்தக் காரும் பணிமனைக்கு வரத் தேவையில்லை. நின்ற இடத்திலேயே அது பெற்றுக்கொள்ளும். ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. அதைப் போட வேண்டியவர் மூன்று நாட்களாக மறுத்து வந்தார்.

அவருக்கு வயது நாற்பத்தேழு. அலுவலகப் பதிவேட்டில் மென்பொருள் சோதனையாளர். மற்றெல்லார் வாயிலும் ‘முந்நூறு அக்கா’. எதையும் முந்நூறு முறை செய்து பார்க்காமல் ‘சரி’ என்று எழுதமாட்டார் என்பதால் வந்த பெயர் அது. இப்பிரிவுக்கு வருமுன் பதினோர் ஆண்டுகள் அதே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் தொலைபேசி எடுத்தவர். கார்கள் செய்த குற்றங்களுக்கெல்லாம் வசவு வாங்கியவர். இப்போது அவருடைய பணியிடம் ஜன்னலில்லாத ஒரு கொட்டகை. நடுவே ஒரு வெள்ளைக் கார். ஆறு ஆண்டுகளில் அந்தக் காருக்குள் அவர் உட்கார்ந்திருந்த நேரத்தில் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கலாம். கார் நகர்ந்ததோ, தரையைத் துடைப்பதற்காகத் தள்ளிவிடப்பட்ட நான்கு அடிதான்.

மறுப்புக்குக் காரணம் முந்தைய சனிக்கிழமை நடந்தது. புதிய மென்பொருள் ஏற்றிய கார் ஒன்றைச் சோதனையாளர்கள் வார இறுதியில் வீட்டுக்கு எடுத்துச் செல்வது வழக்கம். அவரும் கணவரும் அதில் தையல்கடைக்குப் போனார்கள். இறங்கியதும் அவர் கைப்பேசியில் ‘பூட்டு’ என்பதை அழுத்தினார். ‘பூட்டப்பட்டது’ என்று திரை சொன்னது. தைத்த திரைச்சீலைகளோடு திரும்பி வந்து தொட்டால், கணவர் பக்கத்துக் கதவு சாவகாசமாகத் திறந்துகொண்டது. திரையோ அப்போதும் ‘பூட்டப்பட்டது’ என்றே சாதித்தது.

திங்கள் முதல் புதன் வரை கொட்டகையில் முந்நூற்றுப் பன்னிரண்டு முறை பூட்டிப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு முறையும் கதவு ஒழுங்காகப் பூட்டிக்கொண்டது.

மேலாளர் அவரைவிடப் பத்து வயது இளையவர். காரியம் ஆக வேண்டுமானால் ‘அக்கா’ என்பார். கோபம் வந்தால் ‘மேடம்’. புதன் மாலை இரண்டையும் சொன்னார்.

“அக்கா, சனிக்கிழமை நீங்க பூட்டவே மறந்திருப்பீங்க.”

“மறக்கலை சார். பூட்டினதாத்தான் போன்ல இருக்கு.”

“அப்ப பூட்டியிருக்கு.”

“கதவு திறந்துச்சே?”

“மேடம், நாளைக்கு நாலு மணி. அதுக்குள்ள அந்தத் தப்பை இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க, இல்லைன்னா கையெழுத்துப் போடுங்க. ரெண்டும் இல்லைன்னா, உங்களைப் பழையபடி போன் எடுக்கிற வேலைக்கே அனுப்பச் சொல்லிட்டாங்க மேலே.”

வியாழன் காலை அக்காவும் கணவரும் வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். கணவர் கடைத் தராசுகளைச் சோதிக்கும் அரசு ஆய்வாளர். யாரையும் நம்பாதிருக்கச் சம்பளம் வாங்குபவர். அவர் வாசற்கதவில் சாவியைத் திருப்பினார்; அது திரும்பி முடிவதற்குள்ளேயே பிடியை வெடுக்கென்று பாதி இழுத்துவிட்டார். அக்கா தூறலில் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னங்க, சனிக்கிழமை கார் கதவையும் இப்படித்தான் இழுத்தீங்களா?”

“இழுக்காம? நீ பாட்டுக்குப் போனைத் தடவுற. பூட்டிச்சான்னு யாரு பாக்குறது?”

“நான் அமுக்கினதுக்கு அப்புறமா, அமுக்கும்போதேவா?”

“அதையெல்லாம் யாரு மணி பாத்தா?”

“இன்னிக்கு லீவு போடுங்க.”

கொட்டகையில் யாரும் பூட்டும்போதே பிடியைத் தொட்டதில்லை. எல்லாரும் திரையை நம்பிப் பழகியவர்கள். எந்த நொடியில், எவ்வளவு இழுத்தார் என்பதோ கணவரின் கைக்கு மட்டுமே தெரியும். வாயால் கேட்டால் மூன்று விதமாகச் சொன்னார்.

கழுத்தில் பார்வையாளர் அட்டை ஏறியதும் மனிதர் மாறிப்போனார். ஒன்று, கதவை முழுதாகத் திறந்தே விட்டார். இல்லையென்றால், பூட்டி முடியும்வரை கைகட்டிக் காத்திருந்தார்.

“எப்பவும்போல இழுங்களேன்!”

“எப்பவும்போலத்தாம்மா இழுக்கிறேன்.”

“நம்ம வீட்டுல எந்தக் கதவுக்குங்க இவ்வளவு மரியாதை கொடுத்தீங்க?”

மணி மூன்று இருபது. பொறுமையிழந்த மேலாளர் கைப்பேசியைத் தாமே வாங்கிக்கொண்டார்.

“சார், எங்க சாப்ட்வேர் தப்பே பண்ணாது. இதோ அமுக்கிட்டேன். நம்புங்க.”

எடை குறைத்த கடைக்காரர் ஒவ்வொருவரும் இருபது ஆண்டுகளாக ஆய்வாளரிடம் சொல்லிவந்த சொல் அது. மேலாளர் சொல்லி வாய் மூடுவதற்குள், வெடுக்கென்று பாதி இழுப்பு ஒன்று விழுந்துவிட்டது. கதவு திறக்கவில்லை. திரையில் ‘பூட்டப்பட்டது’.

“பாத்தீங்களா?” என்று மேலாளர் சிரித்தார்.

அக்கா சுற்றி வந்து ஒற்றை விரலால் பிடியை இழுத்தார். கதவு திறந்தது.

ஓடி வந்த பொறியாளர்கள் காரின் பதிவுகளைத் துருவிக் கண்டது இதுதான்: அமுக்கிய கட்டளை காரைச் சென்றடைய ஓரிரு நொடி ஆகும்; அந்த நொடியில் பிடி பாதி இழுபட்டிருந்தால் பூட்டு விழாது. கார் திருப்பிச் சொன்னது ‘கட்டளை வந்து சேர்ந்தது’ என்பதை மட்டுமே. புதிய மென்பொருள் அதையே ‘பூட்டியாயிற்று’ என்று எடுத்துக்கொண்டது. கதவை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எங்க டிபார்ட்மென்ட்டா இருந்தா இந்தக் காருக்கு இந்நேரம் சீல் வச்சிருப்போம்” என்றார் ஆய்வாளர். கார் பிடிபட்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் கொள்ளவில்லை.

மூன்று ஐம்பதுக்கு மேலாளர் மேலிடத்தை அழைத்து மென்பொருள் அனுப்புவதை நிறுத்தினார். தொலைபேசி வேலைப் பேச்சும் அத்தோடு நின்றது. பிறகு, கையெழுத்தில்லாத படிவத்தை மடித்தபடியே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அக்கா, முந்நூத்திப் பன்னெண்டு தடவையும் சரியாத்தான் வந்துச்சு. நேத்தே நீங்க கையெழுத்துப் போட்டிருந்தாக்கூட யாரும் உங்களைக் குத்தம் சொல்லியிருக்க முடியாது. அப்புறம் ஏன் போடலை?”

“கதவு திறந்ததை நான் பார்த்தேன் சார்.”