சோப்பக்கா திறக்காத திருகு

கடற்கரையில் அவளை எல்லோரும் சோப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணி துவைப்பவள் போலிருக்கிறது என்று எண்ணி ஒருமுறை யாரோ ஒருவர் அழுக்கு மூட்டையோடு வந்து நின்றுவிட்டார். அவள் பார்த்த பார்வையில் மூட்டையும் ஆளும் வந்த வழியே போய்ச் சேர்ந்தார்கள்.

அவள் வேலை வேறு. பாய் கட்டிய பலகையில் நின்றுகொண்டு காற்றைப் பிடித்துக் கடலில் ஓடுகிறார்களே, அந்தப் பலகைகளைப் பழுது பார்க்கிறவள். அதிலும் வென்ட் என்றால் அவளிடம்தான் வரவேண்டும். பலகைக்குள்ளே இருப்பது தெர்மோகோல், மேலே ஃபைபர் ஓடு. உள்ளே அடைபட்ட காற்று வெயிலில் உப்பும், குளிரில் சுருங்கும். அதற்காக மேல்பக்கம் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு திருகு வைத்திருப்பார்கள், அதுதான் வென்ட். கரையில் கிடக்கும்போது அதைத் தளர்த்த வேண்டும், கடலில் இறங்குமுன் இறுக்க வேண்டும். தளர்த்த மறந்தால் பலகை வயிறு உப்பி ஓடு பிரிந்துவிடும். இறுக்க மறந்தால் தண்ணீர் குடிக்கும். திருகுக்கு அடியில் பருப்பளவு ரப்பர் வாஷர் ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் மூடாததற்குச் சமம்தான்.

புது வென்ட் வைத்ததும் பலகையை வெயிலில் போட்டு, திருகின் மேல் சோப்பு நீரைத் தூரிகையால் தடவிவிட்டுக் குத்தவைத்துப் பார்ப்பாள். ஒரு குமிழி வந்தாலும் போச்சு, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து. அப்பா சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருந்தவர். தண்ணீர்த் தொட்டியில் குமிழி தேடுவது அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்தே கைவந்தது. "காத்து எந்த ஓட்டை வழியா ஓடினாலும் எங்கிட்ட மாட்டாம இருக்காது" என்று பீற்றிக்கொள்வாள். பீற்றிக்கொள்ளத் தகுதியும் இருந்தது. திருகை இறுக்காமல் கடலில் இறங்கப் பார்க்கும் வாடிக்கையாளர்களை அவள் திட்டுகிற திட்டில் அலைகூட ஒரு நிமிடம் நின்று கேட்கும்.

அப்படிப்பட்டவளின் கணவன்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.

அதற்கு முதல் நாள் அவன் பலகையில் வென்ட் விரிசல் விட்டிருந்தது. பழையதைத் துளைத்து எடுத்து, எபாக்ஸி பசை வைத்துப் புதியதைப் பொருத்தி, இரவெல்லாம் காயவிட்டாள். காலையில் அவன் பக்கத்தில் வந்து நின்றான். பேசவில்லை. அந்த ஆறேழு மாதமாகவே அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்திருந்தது. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பான், அவளும் வேலை மும்முரத்தில் விட்டுவிடுவாள். அன்று சோப்பு தடவவில்லை. திருகை இறுக்கிக் கொடுத்தாள், அவன் எடுத்துக்கொண்டு போனான். கடல் தட்டுப்போல் கிடந்தது, காற்று பதமாக வீசியது.

சாயங்காலமாகியும் அவன் வரவில்லை. ஏப்ரன் பையில் கைவிட்டபோது ஒரு புது வாஷர் விரலில் தட்டுப்பட்டது. புது வென்ட் பொட்டலத்தில் ஒன்றுதான் வந்ததா, உபரியாக இன்னொன்றும் வந்ததா என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. ஓட்டமாக ஓடிப்போய் அவன் அக்காவிடம், தன் நாத்தனாரிடம் சொன்னாள். "அண்ணி, நான் வாஷர் போட மறந்துட்டேன் போலிருக்கு."

மூன்றாம் நாள் படகுக்காரர்கள் பலகையை இழுத்து வந்தார்கள். பாய் கிழியவில்லை, மரம் முறியவில்லை. பாயோடு தன்னைக் கோத்துக்கொள்ள அவன் இடுப்பில் கட்டும் பட்டை மட்டும் கழற்றி, மடித்து, பாய்மரத்தைச் சுற்றிக் கொக்கி போடப்பட்டிருந்தது. "பலகை தண்ணி குடிச்சிருக்கும், நீந்தி வர நெனச்சுப் பட்டையக் கழட்டியிருப்பான்" என்றார்கள் படகுக்காரர்கள். தூக்கும்போது கனமாக இருந்ததாகவும் சொன்னார்கள். நனைந்த பாயோடு தூக்கினால் எதுதான் கனக்காது?

சோப்பக்கா அதைப் பட்டறையின் கடைசியில் இரண்டு முக்காலிகளின் மேல் வைத்தாள். திருகைத் திறக்கவில்லை. வேறு யாரையும் தொடவிடவும் இல்லை.

அவனைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவள் நாத்தனார். பட்டறைக்குப் பின்புறம்தான் வீடு. மூன்று வருடமாக ஒவ்வொரு மத்தியானமும் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, "என் தம்பிய முழுங்கினவளே, ஒரு வாஷர் போட உனக்குக் கை வரலியே" என்று ஆரம்பிப்பாள். முடித்ததும் அதே வாயால் "கொழம்பு உப்பு சரியா இருக்கா?" என்பாள். சோப்பக்கா தலையைக் குனிந்தபடி சாப்பிடுவாள். ஊரையே திட்டுகிறவள் இவளிடம் மட்டும் வாயைத் திறந்ததில்லை.

இந்தக் கோடையில் பட்டறைமேல் நிழல் தந்த பெரிய மரத்தை வெட்டிவிட்டார்கள். வெயில் நேராகத் தகரக் கூரையில் இறங்கியது. வெட்டிய மறுநாள் மத்தியானம் சோப்பக்கா குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து மெல்ல ஒரு சத்தம் வந்தது. தூங்குகிற ஆள் புரண்டு படுக்கும்போது கட்டில் முனகுமே, அந்த மாதிரி.

திரும்பிப் பார்த்தாள். பலகையின் மேல்பக்கம், அவன் கால் வைத்து நிற்கிற இடத்தில், ஓடு மெல்ல மேலே எழுந்திருந்தது. கண்முன்னாலேயே இன்னும் கொஞ்சம் எழுந்தது. வெயில் சாய்ந்ததும் தணிந்தது. மறுநாளும் அப்படியே. எழுவதும் தணிவதும், எழுவதும் தணிவதும்.

வேறு யாராக இருந்தாலும் பேய் என்று அலறியிருப்பார்கள். சோப்பக்காவுக்குப் பேய் பயம் கிடையாது. அவளைக் குலை நடுங்க வைத்தது வேறு. ஓட்டையுள்ள பலகை உப்பாது. காற்று வெளியே போக வழியில்லாத பலகைதான் உப்பும். அப்படியானால் திருகு சரியாக மூடியிருக்கிறது. அப்படியானால் வாஷர் உள்ளே இருக்கிறது. பலகை தண்ணீரே குடிக்கவில்லை. பிறகு அவன் எதற்காகப் பட்டையைக் கழற்றினான்?

இந்தக் கேள்விக்கு வந்ததும் அவள் மனசு கையைத் தட்டிவிட்டுவிடும். உப்பு படிந்து இறுகி அடைத்திருக்கும், வாஷர் இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதனாலேயே திறக்கவில்லை. தன் தவறால் அவன் செத்தான் என்றிருந்தவரை அவன் வீட்டுக்குத் திரும்ப நினைத்தவன். அவளுக்கு அது போதும். அதற்காக எந்தப் பழியையும் சுமக்கலாம்.

மத்தியானமானால் ஈரச் சாக்கைப் பலகைமேல் விரிப்பாள். அது காய்ந்ததும் மறுபடி நனைப்பாள். காய்ச்சல்காரனுக்குப் பற்றுப் போடுவதுபோல் நாற்பது நாள் அதைப் பார்த்துக்கொண்டாள். ராத்திரி தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை. நாத்தனார் வந்து போகும்வரை பலகை சத்தம் போடாமல் இருக்கவேண்டுமே என்று அதன் பக்கமே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நாற்பத்தோராவது நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை.

நாத்தனார் தூக்குவாளியைக் கீழே வைத்து, "என் தம்பிய முழுங்கினவளே" என்று தொடங்கிய அதே நேரம் பலகை முனகியது. காய்ந்த சாக்கு தானாக மேலே எழுந்தது.

நாத்தனார் கிட்டே போனாள். சாக்கை விலக்கினாள். எழுந்து நின்ற ஓட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சூடா இருக்குடி" என்றாள். குரல் குழந்தைக் குரலாகிவிட்டது. "மூச்சு விடுதுடி. உள்ள இருக்கான்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி. வெயிலு. நீங்க வீட்டுக்குப் போங்க."

"எத்தன நாளா இப்படி?"

சோப்பக்கா சாக்கை இழுத்து மறுபடி மூடப் பார்த்தாள்.

"தெற."

"வேணாம் அண்ணி. உங்க கால்ல விழறேன்."

"நீ தெறக்கிறியா, நான் ஒடைக்கட்டுமா?" பக்கத்தில் கிடந்த சுத்தியலை அவள் எடுத்தே விட்டாள்.

சோப்பக்காவுக்கு இனி தப்ப வழியில்லை என்று புரிந்தது. திருப்புளியை எடுத்தாள். மூன்று வருட உப்பு நறநறத்தது. முதல் முயற்சியில் அசையவில்லை. இரண்டாவது முயற்சியில் ஸ்ஸ்ஸ் என்று காற்று புறப்பட்டது. ஒரு மனிதனால் அவ்வளவு நேரம் மூச்சை விடமுடியாது. அவ்வளவு நீளமாக, கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருந்தது. நாத்தனார் முகத்தைத் திருகின் மேல் கவிழ்த்து, கண்ணை மூடி, அந்தச் சூட்டைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டாள். பசையும் வெந்த ரப்பரும் கலந்த நாற்றம் அது. அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஓடு தணிந்து பழையபடி தட்டையானது.

சோப்பக்கா திருகை முழுசாகக் கழற்றி, பார்க்காமல், விரல்களுக்குள் மறைக்கப் போனாள். நாத்தனார் கையைப் பிடித்து விரித்தாள்.

திருகின் கழுத்தில் கறுப்பாக, பளபளப்பாக, ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்திருந்தது வாஷர்.

மூன்று வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கதை. வாஷர் எப்படி இருக்கும், எங்கே இருக்கும் என்று நாத்தனாருக்குத் தெரியாதா என்ன. துவாரத்துக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே பொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது.

"அப்ப நீ மறக்கல" என்றாள் மெதுவாக.

"இல்ல அண்ணி."

"உனக்குத் தெரியுமா?"

"நாப்பது நாளா தெரியும்."

"அப்புறம் ஏன்டி நான் திட்டத் திட்ட வாயில மண்ணப் போட்டுக்கிட்டு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். அவள் கண் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த இடுப்புப் பட்டைக்குப் போனது. மடிப்புக் கலையாத பட்டை. அதை வெகுநேரம் பார்த்தாள். அவள் உதடு ஏதோ கணக்குப் போடுவதுபோல் அசைந்தது. கணக்கு எங்கே போய் முடிகிறது என்பது முகத்தில் தெரிந்தபோது சோப்பக்கா தாங்கமாட்டாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுபடி திறந்தபோது நாத்தனார் வாஷரை நகத்தால் நெம்பிக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றி, முந்தானையில் முடிந்து, இடுப்பில் செருகினாள்.

"மூடு."

"அண்ணி..."

"மூடுடி. வாஷர் இல்ல. நான் என் கண்ணால பாத்தேன், இல்ல."

சோப்பக்கா திருகை வைத்து இறுக்கினாள். திருகு இரண்டு முறை நழுவியது. நாத்தனார் கூடவே தன் கையையும் வைத்து முறுக்கினாள்.

பிறகு எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, பட்டறை வாசலுக்குப் போய்த் தெருவே கேட்கும்படி தொடங்கினாள். "என் தம்பிய முழுங்கினவளே! வீடு வந்து சேரணும்னு எப்படித் துடிச்சானோ என் புள்ள! ஒரு வாஷர் போட உனக்குக் கை வரலியேடி!"

சோப்பக்கா தூக்குவாளியைத் திறந்தாள். நாற்பது நாளில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.