நோர்ஜிமா தெளித்த பால்

நோர்ஜிமா என் மாமியார். பொறுமைசாலி என்று அவரைச் சொல்ல எனக்கு வாய் வராது. கோபத்திலேயே வாழ்ந்தவர். காரணம் இருந்தது.

எங்களுடையது குதிரைச் சாவடி. எங்கள் புல்வெளி நாட்டை ஆண்ட மஞ்சூப் பேரரசரின் தூதன் எவன் வந்தாலும் புதுக் குதிரை கொடுக்க வேண்டும், கொழுத்த ஆடு அறுக்க வேண்டும். ஒரு குதிரை நொண்டியதற்காக என் மாமனாரைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார்கள். அந்தக் காயத்திலேயே செத்தார். எங்கள் இளவரசர் ரிஞ்சின் பேரரசை எதிர்த்துக் கிளம்பி, சாவடிகளைக் கைவிடச் சொன்னதும், முதலில் குதிரைகளை அவிழ்த்துவிட்டவர் என் மாமியார்தான்.

மற்ற பிரபுக்களும் இளவரசரோடு நெருப்பின் முன் சத்தியம் செய்தவர்கள்தான். பேரரசர் பட்டுத் துணியைப் பரிசாகக் காட்டியதும் வாலைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். தூ!

குளிர்காலத் தொடக்கத்தில் இளவரசர் தன்னந்தனியாக எங்கள் கூடாரத்துக்கு வந்தார். அவர் குதிரை வாசலிலேயே விழுந்தது. வடக்கு எல்லையைத் தாண்டினால் அவருக்கு உயிர் மிஞ்சும்.

"எம் மகன் குதிரைய எடுத்துக்கங்க, ஐயா," என்றார் மாமியார்.

"அவன் என்ன செய்வான்?"

"நடப்பான். கால் எதுக்கு இருக்கு?"

இளவரசர் கிளம்பியதும், அவர் போன திசையில் மாமியார் கரண்டியால் பால் தெளித்தார். வழி நல்லபடி அமைய, பயணம் போகிற யாருக்கும் நாங்கள் செய்வதுதான். கை தானாகச் செய்யும்.

சற்று நேரத்தில் பேரரசின் வீரர்கள் வந்தார்கள். வழிகாட்டியாக வந்தவன் யோந்தோன், இளவரசரின் சொந்தச் சித்தப்பன். தரை கல்லாக இறுகியிருந்ததால் குளம்புத் தடமே இல்லை.

"மேற்கே போனாரு," என்றார் மாமியார். வீரர்கள் நம்பிக் குதிரைகளைத் திருப்பினார்கள். யோந்தோன் மட்டும் தரையைப் பார்த்தான். பால் துளிகள் வெள்ளையாக உறைந்து கிடந்தன.

"ஏன் நோர்ஜிமா, மேற்கே போனவனுக்கு வடக்கே பார்த்துப் பால் தெளிப்பாங்களா?" என்று சிரித்தான்.

மாமியார் பாய்ந்து அவன் கடிவாளத்தைப் பிடித்தார். "உன் அண்ணன் மகன்டா அவரு! நெருப்பு முன்னாடி சத்தியம் பண்ணின வாய்தானே இது?"

அவரை நெஞ்சில் உதைத்துத் தள்ளிவிட்டு, வீரர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வடக்கே போனான். அந்த வீரர்கள் ஆயிரம் வருடம் உற்றுப் பார்த்தாலும் அந்தத் துளிகளின் அர்த்தம் புரிந்திருக்காது. அதற்கு எங்கள் இனத்தில் பிறந்தவன்தான் வேண்டியிருந்தது. பொழுது சாய்வதற்குள் இளவரசரைப் பிடித்துவிட்டார்கள்.

வசந்தத்தில் பேரரசின் படைக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். என் கணவர் மலைக்கு ஓடி ஒளியக் கிளம்பினார். நான் அழுதுகொண்டே பால் கரண்டியை எடுத்தேன். மாமியார் அதைத் தட்டிவிட்டார்.

"வைடி கீழே. எம் பிள்ளை எந்தப் பக்கம் போறான்னு நம்ம ஆளுங்களுக்குத் தெரிய வேணாம்."