பெயர் சொல்லவில்லை என்றாள்

புலம்பெயர்ந்து வந்து ஹரோ நகரில் வசிக்கிறேன். எனக்கு மாதக்கணக்கில் இருமல் நிற்கவில்லை. குடும்ப மருத்துவரான ஜிபி பரிசோதித்துவிட்டு நுரையீரலில் குறையில்லை என்றார்.

என் தோழி தேவகி அப்போது சீன மருத்துவத்தின் ஐந்து மூலகங்களைப் படித்துக்கொண்டிருந்தாள். "நுரையீரல் உலோக மூலகத்துக்குரியது. துக்கத்தை உள்ளுக்க வச்சிருந்தா அது பலவீனப்படும். மனசில கிடக்கிறதைச் சொல்லு" என்றாள்.

இருபது வருடப் பழக்கம் அல்லவா, சொன்னேன். முன்பு கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் ஒரு குழந்தையை இழந்திருந்தேன். கணவரின் தாயான மாமி அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்ததால், அவர் மனம் தாங்காது என்று நாங்கள் இருவரும் மறைத்துவிட்டோம்.

போன தை மாதம் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் தேவகி நலவாழ்வு பற்றிப் பேசினாள். இப்போது எங்களுடன் இருக்கும் மாமியையும் கூட்டிப் போனேன்.

"ஹரோவில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி, அஞ்சு மாதக் கருவைப் பறிகுடுத்திட்டு மாமிக்கும் சொல்லேல்லை. அந்தத் துக்கம்தான் இருமலா வந்தது" என்றாள் தேவகி.

பக்கத்தில் இருந்த மாமி மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வெளியே வந்ததும், என் கதையை ஏன் எல்லார் முன்னும் சொன்னாய் என்று தேவகியிடம் கேட்டேன். "நான் பேர் சொல்லேல்லையே. நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டுமெண்டு சொன்னனான்" என்றாள். அவள் முகத்தில் சிறு சங்கடம்கூட இல்லை.

பஸ்ஸில் மாமி, "ஏன் பிள்ளை எனக்கு மறைச்சனீ?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்குப் போய் அவர் மடியில் அழுதேன்.

இப்போது மனநல ஆலோசகர் ஒருவரிடம் போகிறேன். நான் சொல்வது இந்த அறையைத் தாண்டுமா என்று முதல் நாளே கேட்டேன். தேவகியிடம் அப்படிக் கேட்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியதே இல்லை.